இரத்தம் கொடுக்கப் போனவர் ஏன் திரும்பி வந்தார்?



சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறோம். காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நம் உறவுக்காரத் தங்கை ஒருத்திக்குப் பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போய்விட்டது. செய்தி கிடைத்தபோது விடியற்காலை. வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எட்டுப் பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவளுடைய கணவர், அண்ணன், மாமனார், சித்தி, கூட வேலை செய்யும் பெண்கள் இருவர், மண்டோர், நாம். எட்டுப் பேரும் இரத்தம் கொடுப்பது என்றுதான் போனோம். கொடுத்தது இரண்டே பேர்.

மற்ற ஆறு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமனாருக்கு வயது மிகுதி. சித்திக்கு எடை போதாது. கூட வந்த பெண்கள் இருவருக்கும் இரத்தம் குறைவு. மண்டோர் இரவு முழுவதும் தூங்கவில்லை. கணவரிடம் ஏதேதோ கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று விளக்க அங்கே ஆளில்லை. மலாய் மொழியில் அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்ததோடு சரி. திரும்பி வந்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா கேட்டார்: "அம்பது வருசமா இந்த மண்ணுக்கு எங்க ரத்தம் ஆச்சு. ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆகாதாமா?"

அந்தத் தங்கை பிழைத்துக்கொண்டாள். முன்பின் அறியாத யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்த இரத்தம் அவளுக்குக் கிடைத்தது. ஆனால் ஆயா கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடிப் போனால், கதை கிள்ளான் நகரத்தின் பழைய சதுப்பு நிலத்தில் போய் நிற்கிறது.

ஆண்டு 1901. ஜனவரி மாதத்தில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்லும் துறைமுகம், போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1972-ல்தான் அதன் பெயர் மாறியது. அலையாத்திக் காட்டை வெட்டி, சேற்றிலே எழுப்பிய துறைமுகம் அது. திறந்த இரண்டு மாதத்திற்குள் அங்கே வேலை செய்தவர்களிடையே மலேரியாக் காய்ச்சல் தீப்போலப் பரவியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அதிகாரிகள் யோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. கிள்ளான் நகரத்திலும் இதே கதிதான்.

அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1897-ல், தென்னிந்தியாவில் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பவர் ஓர் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து, மலேரியாக் கிருமி அதற்குள் வளர்வதைக் கண்டுபிடித்திருந்தார். அதுவரை கெட்ட காற்றால் வரும் காய்ச்சல் என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. வாட்சன் இந்தப் புதிய செய்தியைப் புத்தகத்தோடு விட்டுவிடவில்லை. சிலாங்கூரின் தலைமை வைத்தியராக இருந்த டிராவர்ஸ் துணை நின்றார். கிள்ளானில் சதுப்புகளை வெட்டித் துப்புரவு செய்து வாய்க்கால் போட்டு வடித்தார்கள். துறைமுகத்தில் கடல்நீர் உள்ளே வராமல் கரை கட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில் இரண்டு இடங்களிலும் மலேரியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தோர் தொகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மலேரியா ஒழிப்பு வரலாற்றில் உலகமே எடுத்துக்காட்டாகப் பேசும் வேலை இது. நம் வீட்டுப் பக்கத்தில் நடந்தது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் தோட்டங்களின் கதை வேறு. ரப்பருக்கு விலை ஏறிய காலம் அது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மலைச்சரிவுகளில் காடு வெட்டி கித்தாக் கன்று நட்டார்கள். கிள்ளானின் சமவெளியில் காட்டை வெட்டினால் காய்ச்சல் குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் கூடியது! இது என்ன வேடிக்கை என்று வாட்சன் ஆராய்ந்தார். கொசுவில் பல சாதி உண்டு. சமவெளியின் கொசு, மர நிழலில் தேங்கிக் கிடக்கும் நீரில் முட்டையிடுவது. நிழலும் தேக்கமும் போனால் அதுவும் போய்விடும். மலைநாட்டுக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்புவது. மரத்தை வெட்டி ஓடைமேல் வெயில் விழச் செய்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே மலைநாட்டில் ஓடையைப் பூமிக்கடியில் குழாய் போட்டு ஓடவிட வேண்டியிருந்தது. பிறகு நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் வழக்கம் வந்தது. சீபீல்டு தோட்டம் வாட்சன் ஆராய்ந்த இடங்களில் ஒன்று. இன்று அந்த நிலம் சுபாங் ஜெயாவின் வீடுகளும் கடைகளுமாகிவிட்டது.

குழாய் போடவும் எண்ணெய் தெளிக்கவும் பணம் வேண்டும். எல்லாத் தோட்டத்துத் துரைமாரும் அந்தப் பணத்தை மனமுவந்து எடுக்கவில்லை. ஆகவே மலிவான வழி ஒன்று நீண்ட காலம் நடந்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கசக்கும் கொயினாவைக் கொடுத்தார்கள். நம் தாத்தாமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்ன கொயினாக் கதைகளைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொயினா காய்ச்சலை அடக்கியது. கொசுவை ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல் போய், பிறகு வந்தது. போய், பிறகு வந்தது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில், 1942-லும் 1943-லும், சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம்மவர்களில் எத்தனையோ பேரை இதே மலேரியாவும் வாந்திபேதியும் கொண்டுபோயின.

இதற்கும் இரத்ததானத்திற்கும் என்ன தொடர்பு? சொல்கிறோம்.

மலேரியாக் கிருமி குடியிருக்கும் வீடே இரத்தத்தின் சிவப்பணுதான். 1880-ல் அல்ஜீரியாவில் லாவெரன் என்ற பிரெஞ்சு டாக்டர் அதை முதலில் கண்டார். அந்தக் கிருமி ஒவ்வொரு தடவையும் சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆகவே திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டவர் இரத்தம் குறைந்து வெளிறிப் போகிறார். அதோடு நிற்கவில்லை. காய்ச்சல் நின்று வருடங்கள் ஆன பிறகும் ஒருவகை மலேரியாக் கிருமி, எந்த அறிகுறியும் காட்டாமல், பல பத்தாண்டுகள் இரத்தத்தில் தங்கியிருக்கக் கூடும். அப்படிப்பட்டவர் நல்ல மனத்தோடு இரத்தம் கொடுத்தால், கொசுவே இல்லாமல் மலேரியா அடுத்தவர் உடலுக்குப் போய்விடும். இப்படி ஒருவருக்கு வந்த செய்தி 1911-லேயே மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் கிருமி செத்துவிடாதா என்று கேட்பீர்கள். உடனே சாகாது. பல நாள் உயிரோடிருக்கும்.

ஆகவேதான் தானம் கொடுக்கப் போகிறவரிடம் "மலேரியா வந்ததுண்டா? அண்மையில் காட்டுப் பகுதிக்கோ வெளிநாட்டுக்கோ போனீர்களா?" என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் 1967-ல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு பரப்பும் மலேரியா, 2018 முதல் உள்நாட்டிலேயே தொற்றியதாகப் பதிவாகாத அளவுக்குக் குறைந்தது. ஆனால் குரங்கிடமிருந்து வரும் மலேரியா ஒன்று இருக்கிறது. 1965-ல் பகாங் காட்டில் வேலை செய்த அமெரிக்கர் ஒருவரிடம் அது முதலில் கண்டறியப்பட்டது. 2004-ல் பல்பீர் சிங் குழுவினர், சரவாக்கில் கப்பிட் வட்டாரத்தில் அது பலரிடம் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கே அது மிகுதியாக வருகிறது. அந்தத் தங்கையின் கணவர் அதற்கு முந்திய மாதம் பகாங்கில் காடு வெட்டும் குத்தகைக்குப் போய் வந்திருந்தார். அவரை ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது நமக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

இனி, கூட வந்த பெண்கள் இருவரின் கதை. இரத்தம் குறைவு என்று அவர்களுக்குச் சொன்னார்கள். இதற்குப் பின்னாலும் தோட்டத்து வரலாறு ஒன்று உண்டு. அதன் பெயர் கொக்கிப்புழு.

பழைய லயங்களில் கக்கூஸ் வசதி எப்படி இருந்தது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பலரும் புதரோரத்திற்குத்தான் போனார்கள். ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சு வளரும். அந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் கால்விரல் இடுக்கில் அது துளைத்து உள்ளே நுழையும். அந்த இடத்தில் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். பிறகு இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடையும். அங்கே கவ்விப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது மிகச் சிறிதளவு. ஆனால் ஒருவர் வயிற்றில் நூறு, இருநூறு என்று இருந்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் யாரும் கேட்காமலே, சீட்டும் தராமலே இரத்ததானம்!

தோலைத் துளைத்துக்கொண்டு புழு உள்ளே போகிறது என்பதை லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கெய்ரோவில் கண்டுபிடித்தார். புழுக்குஞ்சு இருந்த நீர் தற்செயலாக அவருடைய கையிலேயே சிந்தியதால் தெரிந்த உண்மை அது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம், 1915-ல் ஒரு குழுவைக் கிழக்குநாடுகளுக்கு அனுப்பியது. பனாமாவில் வேலை செய்திருந்த டார்லிங் என்ற டாக்டர் அதன் தலைவர். மலாயாவில் தோட்டத்து ஆட்களுக்குப் பேதி மருந்து கொடுத்து, விழுந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெடுத்தார்கள். 1920-ல் அறிக்கை வெளிவந்தது. கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் சேர்த்தே அந்த அறிக்கை பேசியது. ஒன்று இரத்தத்தை உடைத்தது, மற்றது குடித்தது. வந்த ஆட்களைச் சோம்பேறிகள் என்று துரைமார் சிலர் எழுதி வைத்த அதே காலத்தில் இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதி இரத்தத்தோடு மரம் வெட்டியவனைச் சோம்பேறி என்றார்கள்.

இன்று புழு மருந்து எளிதாகக் கிடைக்கிறது. காலணி இருக்கிறது; கக்கூஸ் இருக்கிறது. கொக்கிப்புழு பெரும்பாலும் போய்விட்டது. அப்படியானால் அந்தப் பெண்களுக்கு ஏன் இரத்தம் குறைந்தது? இங்கே ஆஸ்பத்திரியில் என்ன சோதிக்கிறார்கள் என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு துளி எடுப்பார்கள். முன்பெல்லாம் மிஸ்ஸியின் மேசையில் நீல நிறத் திரவம் ஒன்று குப்பியில் இருக்கும். மயில்துத்தம் கரைத்த தண்ணீர் அது. துளியை அதில் விடுவார்கள். மூழ்கினால் இரத்தத்தில் கனம் இருக்கிறது, கொடுக்கலாம். மேலே நின்றாலோ மிதந்தாலோ கனம் இல்லை, போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான எளிய முறை இது. இன்று பல இடங்களில் சின்ன மின்கருவி எண்ணாகவே காட்டிவிடுகிறது. ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை.

ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்து வேண்டும். ஒருமுறை 450 மில்லிலிட்டர் இரத்தம் கொடுத்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலைவிட்டுப் போய்விடுகிறது. நம் உடல் உணவிலிருந்து ஒரு நாளில் எடுத்துக்கொள்வது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பங்கு அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும். பெண்களுக்கு மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, பால் கொடுத்தல் என்று செலவு மேலும் கூடுகிறது. வீட்டில் மீனும் ஈரலும் சமைத்தால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, மிச்சக் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடும் தாய்மாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பைத் தேத்தண்ணி வேறு. தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒருமணி நேரமாவது இடைவெளி விட்டால் நல்லது. கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டாலோ இரும்பு நன்றாகச் சேரும். நெத்திலியையும் பருப்பையும் விட்டுவிடாதீர்கள்.

அந்தச் சீட்டை நம் பெண்கள் வெறும் மறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரு வைத்தியச் செய்தி. இரத்தம் ஏன் குறைந்தது என்று கிளினிக்கில் பார்க்கச் சொல்லும் சீட்டு. இரும்புக் குறைவாக இருக்கலாம். தலசீமியா என்ற பரம்பரைக் குறை இலேசாக இருக்கலாம். ஆண்களுக்கும் முதியவர்களுக்கும் குடற்புண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். காரணம் தெரியாமல் இரும்பு மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்குவது போதாது.

எடைக் கணக்கும் இப்படித்தான். 45 கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ 3 லிட்டர் இரத்தமே ஓடுகிறது. அதற்கும் கீழே உள்ள சித்தியிடம் ஒரு பை எடுத்தால் அவருக்கே மயக்கம் வந்து, ஆஸ்பத்திரிக்கு இன்னொரு நோயாளி கிடைப்பார். தூங்காதவரையும் வெறும் வயிற்றோடு வருபவரையும் நிறுத்திவைப்பது இதே காரணத்தால்தான். பால் வெட்டுக்கு நான்கு மணிக்கே எழுந்தவர், வேலை முடிந்து நேராகப் போய் வரிசையில் நிற்கக் கூடாது.

கொடுப்பவரைக் காப்பதற்கு இவ்வளவு. வாங்குபவரைக் காப்பதற்கான விதிகளோ, ஒவ்வொன்றும் ஒரு துயரத்திலிருந்து பிறந்தவை. 1667-ல் பாரிசில் ஆட்டின் இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். விபரீதமாகி, பின்னர் அதற்குத் தடையே வந்தது. மனித இரத்தத்தை மனிதருக்கு ஏற்றத் தொடங்கியவர் லண்டன் டாக்டர் பிளண்டெல். 1818-ல் அவர் அதைச் செய்து பார்த்தார். பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் கண்டு மனம் பொறுக்காமல் அந்த முயற்சியில் இறங்கியவர் அவர். நம் தங்கைக்கு நேர்ந்ததும் அதுவே அல்லவா? சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள், காரணம் தெரியவில்லை. 1901-ல், வாட்சன் கிள்ளானில் இறங்கிய அதே ஆண்டில், வியன்னாவில் லேண்ட்ஸ்டைனர் இரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்று வெளியிட்டார். அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளே இன்று உலக இரத்ததானம் செய்வோர் நாள்.

பிரிவு பொருந்தினால் போதும் என்று உலகம் சற்று நிம்மதியாக இருந்தபோது மஞ்சள் காமாலை வந்தது. இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் சில வாரம், சில மாதம் கழித்துக் காமாலையில் விழுந்தார்கள். 1965-ல் பிளம்பர்க் என்பவர் கண்ட புரதம் ஒன்றுதான் பி வகைக் கல்லீரல் அழற்சியைக் கண்டுபிடிக்க வழி காட்டியது. பிறகு எய்ட்ஸ். நம் நாட்டில் முதல் நோயாளி 1986-ல் கண்டறியப்பட்டார். தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் எந்தச் சோதனைக்கும் அது அகப்படாது. ஆகவே கருவியை மட்டும் நம்பாமல் மனிதரின் வாயையும் நம்ப வேண்டியிருக்கிறது. படிவத்தில் உள்ள கூச்சமான கேள்விகளுக்கெல்லாம் இதுதான் காரணம். பச்சை குத்தியது உண்டா, ஊசி போட்டுக்கொண்டது உண்டா, உறவு எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். மாமா, மச்சான் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது என்று மறைத்துவிடக் கூடாது. தனியாகப் பேச வேண்டும் என்று மிஸ்ஸியிடம் சொல்லலாம். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. 1980 முதல் 1996 வரை இங்கிலாந்தில் தங்கிப் படித்த சீமான்களையும், மாட்டுப் பித்த நோய்க்குப் பயந்து திருப்பி அனுப்பும் விதி பல நாடுகளில் இருந்தது. தோட்டத்துக்காரனை மட்டும் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ண வேண்டாம்!

இரத்தத்தை விலைக்கு விற்பவர்கள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வாசல்களிலும் நின்றார்கள். வறுமையால் மாதத்திற்குப் பலமுறை விற்றவர்கள், நோயை மறைத்தவர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தத் தங்கையின் அண்ணனிடம் இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது அவளுக்குப் போகாது என்றார்கள். அவர் கொதித்துப் போனார். "என் கூடப்பொறந்தவளுக்குத்தானே கொடுக்க வந்தேன்!" என்றார். சொந்த இரத்தம்தான் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். இங்கே கதை தலைகீழ். மிக நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்கள், வாங்குபவரின் உடலுக்கு அன்னியமாகத் தெரியாமல் தங்கிவிட்டு, பிறகு அந்த உடலையே தாக்கக் கூடும். அபூர்வம்தான்; ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. கணவனின் இரத்தத்தைப் பிள்ளை பெறும் வயதுள்ள மனைவிக்கு ஏற்றினால், அடுத்த கருவுக்குத் தீங்கு வரலாம். ஆகவே அண்ணன் கொடுத்தது வேறு யாருக்கோ போகும். யாரோ கொடுத்தது தங்கைக்கு வரும். அந்த யாரோ மலாய்க்காரரா, சீனரா, நம்மவரா என்று பையின்மேல் எழுதியிருக்காது.

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய இரத்த மையம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள மகா விகாரையில் விசாகத் திருநாளை ஒட்டி இரத்ததான முகாம் நடப்பதுண்டு. ஆபத்து வந்த பிறகு வேன் பிடித்து ஓடுவதைவிட, தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, அடையாள அட்டையோடு இப்படிப்பட்ட இடத்துக்குச் சாவகாசமாகப் போவது எளிது.

நாங்களும் அப்படித்தான் மறுபடி போனோம். ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்பு திரும்பிய பெண்கள் இருவரில் ஒருவருக்கு எண் 12.9 வந்தது, கொடுத்தார். மற்றவருக்கு 11.8. கிளினிக்கில் சோதித்ததில் அவருக்குத் தலசீமியாவின் இலேசான கூறு இருப்பது தெரிந்திருந்தது. இருந்தும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தவர் அவர். அவருடைய மகளுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கும் அந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சம்பந்தி வீட்டில் அதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான் வேனில் திரும்பி வரும்போது பேச்சாக இருந்தது. மண்டோர், நானே வந்து பேசுகிறேன் என்றார்.

தலசீமியாவைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.